பழைய ரோட்டுக் கடைகளைத் தேடி ஒரு நாள் வேன் பயணம்: போகலாமா?

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் டீக்கடை வாசலில் கால் மணி நேரம் நின்று ஒரு பாய்லரையே பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து கோயில் பார்த்து, பஃபே சாப்பிட்டுத் திரும்புகிற டூர் என்று நினைத்து வந்த ஒரு குடும்பம் திருமங்கலம் போவதற்குள் சோர்ந்துவிட்டது.

மதுரையில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு இதை நடத்துகிறார்கள். கம்பெனி கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருவதுதான். பழைய ஓட்டல் கட்டிடம், கையால் எழுதின கடைப் பலகை, கல் மண்டபம், சுமைதாங்கி என்று ரோட்டோரத்தில் பயணிக்காகக் கட்டப்பட்ட எதைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி இறங்குகிற ஆட்கள். ஆளுக்கு 1,600 ரூபாய். காலை 5:30க்கு ஆரம்பித்து இரவு 9க்கு விடுகிறார்கள், மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் குடிக்கிற டீயும் அதற்குள்ளேயே. நானும் என் மதினியும் போனோம். மொத்தம் 13 பேர், ஒரு டெம்போ டிராவலர். அதில் ஏசி இருந்தது, மதியத்துக்கு மேல் வேலை செய்யவில்லை, ஜன்னலைத் திறந்துகொண்டோம்.

நான் எதற்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பாண்டியன் ரோடுவேஸில் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு ஊர் என்றால் கடைதான். திருமங்கலம் என்றால் ஒரு டீ, கள்ளிக்குடி என்றால் ஒரு வடை, விருதுநகர் என்றால் பரோட்டா. ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது வாழை இலையில் சுற்றி, அதற்கு மேல் பேப்பர் சுற்றி, சணலால் கட்டின பொட்டலம் ஒன்று அவர் பைக்குள் இருக்கும். அந்தப் பரோட்டாவைத் தின்றே வளர்ந்தேன், ஆனால் அது வந்த கடைக்குள் ஒருநாளும் உட்கார்ந்தது கிடையாது. நான் மட்டுமில்லை, எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்தது கிடையாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காலையில் கூடின இடமே சரியான இடம். மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம். தினம் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகிறார்கள், நானும் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. ராணி மங்கம்மாள் ஆண்டது 1689 முதல் 1706 வரை. மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். ஆகவே ஸ்டேஷனுக்காகக் கட்டின சத்திரம் இல்லை இது, வழிப்போக்கருக்காக ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த சத்திரத்துக்கு எதிரே ஸ்டேஷன் வந்து சேர்ந்திருக்கிறது. எங்களைக் கூட்டிப்போன அண்ணன் (பெயர் போட வேண்டாம் என்றார், ஸ்கூல் வாத்தியார், வயது 50 இருக்கும்) இதைச் சொன்னதும் அந்த இருட்டில் 13 பேரும் திரும்பி ஸ்டேஷனைப் பார்த்தோம். அப்புறம் அவர் ஒரே ஒரு வேலை கொடுத்தார். "இன்னைக்கு எந்தக் கடைக்குள்ள போனாலும், இது ஏன் இந்த இடத்துல இருக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கங்க. அடுப்பு ஏன் அங்க, கல்லா ஏன் இங்க, மேசை ஏன் கல்லுல. அவ்வளவுதான்." நாள் முழுக்க அந்த ஒரு கேள்வி எங்களை நடத்திக்கொண்டு போனது. இந்தப் பயணத்துக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பாதி அந்தக் கேள்விக்குத்தான்.

டவுன் ஹால் ரோடு வழியாக நடந்தே மேல மாசி வீதிக்குப் போனோம். வழியில் வெளி வீதிகளைப் பற்றி அவர் சொன்னது மதுரைக்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது. ஊரைச் சுற்றி இருந்த கோட்டைச் சுவரை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்க்கச் சொன்னார், அந்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் நின்ற மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரும் இன்றைக்கும் தெருப் பெயராக இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். சாயங்காலம் ஜிகர்தண்டா குடிக்க அங்கே நிற்கிற கூட்டத்தில் யாருக்கும் தூணைப் பார்க்க நேரம் இருப்பதில்லை. மேல மாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறின வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் நின்றோம், இப்போது அது கதர்க் கடை. அந்த நேரத்தில் பூட்டித்தான் இருந்தது.

காலைச் சாப்பாடு ஒரு சந்துக்குள் இருக்கிற பழைய டிபன் கடையில். பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார், கூட்டம் வந்தால் சமாளிக்க ஆள் இல்லையாம். கடை எப்படியும் 20 அடி அகலம் இருக்காது. ஆனால் உள்ளே போகப் போக நீளம். முன்னால் கல்லா, நடுவில் இரண்டு வரிசை மேசை, அதற்குப் பின்னால் கை கழுவுகிற தொட்டி, கடைசியில் சமையல்கட்டு, அதற்கு மேல் மட்டும் ஓட்டைத் தூக்கிப் புகை போக வழி. மேலே தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சு. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, அது. சித்திரை மாத வெயிலிலும் உள்ளே அனல் இறங்காது என்றார் கடைக்காரர்.

மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சலவைக்கல் பலகை, மரச் சட்டம். நான் உட்கார்ந்த இடத்தில் கல்லின் விளிம்பு லேசாக உள்வாங்கி இருந்தது. விரலை வைத்துத் தடவினால்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. எதிரே மதினி உட்கார்ந்த இடத்திலும் அதே குழிவு. பக்கத்து மேசையில் போய்த் தடவிப் பார்த்தேன், அங்கேயும். உட்காருகிறவன் இலைக்கு முன்னால் முன்னங்கையை ஊன்றுகிற இடம், சர்வர் துணியை வளைத்து எச்சிலை வழித்துக் கீழே தள்ளுகிற இடம், இரண்டும் ஒன்றுதான். எத்தனை வருஷத்து முழங்கையும் துணியும் சேர்ந்து கல்லைத் தேய்த்திருக்கின்றன! மரமாக இருந்தால் எண்ணெய் குடித்து நாறிவிடும், தகரமாக இருந்தால் சுடும், கல் மட்டும்தான் ஒரு வாளித் தண்ணீரில் புதுசாகிவிடும். ஏன் கல் என்ற கேள்விக்கு இட்லி வருவதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

இட்லி, வெள்ளையப்பம், பொங்கல். வெள்ளையப்பம் பிரமாதம், ஓரம் மொறுமொறுவென்று நடுவில் பஞ்சு மாதிரி, கார சட்னி நாக்கைச் சுண்டியது. பொங்கலில் மிளகு போதவில்லை. காபி டபராவில் வந்தது, அதுவும் நல்ல சூட்டில்.

எங்கள் வேனில் ஒரு பெரியவர் வந்திருந்தார். மகனோடு நியூஜெர்சியில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது மதுரை அண்ணா நகருக்கே திரும்பி வந்துவிட்டவர். திருப்பரங்குன்றம் தாண்டும்போது அவர் அமெரிக்காவின் டைனர் கடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், வண்டியே அமைதியாகிவிட்டது. 1872இல் பிராவிடன்ஸ் என்ற ஊரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் சாப்பாடு வைத்து ராத்திரி வேலை செய்கிறவர்களுக்கு விற்றாராம், அங்கிருந்துதான் தொடக்கம். பிறகு அந்த வண்டியையே கடையாக்கி, தொழிற்சாலையில் முழுசாகச் செய்து, ரயிலிலோ லாரியிலோ ஏற்றிக்கொண்டு வந்து ரோட்டோரம் இறக்கிவிடுவார்கள். மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு கம்பெனி 1906 முதல் 1957 வரை டைனர் செய்து அனுப்பியிருக்கிறது. ரோட்டில் ஏற்றிப் போக வேண்டும் என்பதால்தான் டைனர் ஒடுக்கமாக நீளமாக ரயில் பெட்டி மாதிரி இருக்கும், நீளவாக்கில் ஒரு கவுன்டர், அதற்கு முன்னால் சுழல் ஸ்டூல். "நாம காலையில சாப்பிட்ட கடையும் ஒடுக்கமா நீளமாத்தான் இருந்துச்சு, ஆனா காரணம் வேற, இங்க வீதி முகப்புக்கு விலை அதிகம்" என்றார். லாங் ஐலேண்டில் 1931இல் வாத்து வளர்க்கிற ஒருவர் வாத்து விற்க வாத்து வடிவத்திலேயே ஒரு கட்டிடம் கட்டினாராம், இன்றைக்கும் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களாம். அங்கே இப்படிப்பட்ட கடைகளையும் பெட்ரோல் பங்குகளையும் பலகைகளையும் காப்பாற்ற 1977இலேயே ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவர் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நம் பக்கம் ஒரு கடையை இடித்துவிட்டு மாடி கட்டினால் "நல்லா முன்னேறிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், அந்த மேசைக்கல் எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லை.

நான்கு வழிச்சாலையில் போகாமல் ஊருக்குள் போகிற பழைய ரோட்டில் வண்டியை விட்டார்கள். இதற்காகவே தனியாகப் பாராட்ட வேண்டும். புதுச் சாலையில் மதுரையிலிருந்து விருதுநகர் முக்கால் மணி நேரம், எங்களுக்கு மத்தியானமும் சாயங்காலமும் ஆகிவிட்டது.

திருமங்கலம் பக்கம் ஒரு டீக்கடை. கூரை ஓடு, முன்னால் இரண்டு பெஞ்சு, நடுவில் பித்தளை பாய்லர். டீ மாஸ்டருக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் 13 பேர் சுற்றி நின்றதும் முதலில் சங்கடப்பட்டார், பிறகு அவரே மூடியைத் திறந்து காட்டினார். நடுவில் குழாய் மாதிரி ஒரு புகைபோக்கி, அதற்குள்ளே கரி எரிகிறது, குழாயைச் சுற்றித் தண்ணீர். கீழே சாம்பல் விழுகிற தட்டு. மேலே அந்தச் சூட்டிலேயே பால் பாத்திரம் உட்கார்ந்திருக்கிறது, தனி அடுப்பு வேண்டாம், பால் அடிப்பிடிக்காது. துணிப் பையில் தேயிலை, அது கறுத்துப்போய் கரடித் தோல் மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் கடகடவென்று ஏதோ ஆடுகிற சத்தம் கேட்டது. "உள்ள ஒரு காசு கிடக்குக்கா. தண்ணி கொதிச்சா துள்ளும். சத்தம் நின்னா தண்ணி குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். திறந்து பாக்க வேண்டியதில்ல." என்ன காசு என்று கேட்டேன். "அப்பா போட்டது. எடுத்துப் பாத்ததில்ல." டீ கொஞ்சம் கடுப்பம் தூக்கல், இனிப்பும் தூக்கல், லாரிக்காரர் குடிக்கிற டீ. எனக்குப் பிடித்திருந்தது, இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சுமைதாங்கி. வயலோரம், பாதி மண்ணில் புதைந்து, மேல் கல்லில் யாரோ சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நட்டுக்க நிற்கிற இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல், அவ்வளவுதான். பிள்ளையைச் சுமந்துகொண்டே இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக நடுவது வழக்கம். இறக்க முடியாமல் போன அவள் சுமையை வழிப்போக்கர் இறக்கிவைக்கிற சுமையில் தீர்ப்பார்கள். என் உயரத்துக்கு அந்தக் கல் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. மதினி வேனிலிருந்து அரிசிப்பை அளவுக்குக் கனமான தன் பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, தலையைச் சாய்த்து, யார் உதவியும் இல்லாமல் கல் மேல் நகர்த்தி வைத்தார். பிறகு அதே மாதிரி எடுத்துக்கொண்டார். குனிய வேண்டியதில்லை, இன்னொரு ஆள் வேண்டியதில்லை. தலைச்சுமைக்காரனின் உயரத்தை அளந்து நட்ட கல். எல்லாரும் கைதட்டினார்கள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சுமைதாங்கி இருக்கிற இடத்தில் பெரும்பாலும் ஒரு மரமும் கிணறும் இருக்கும், தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள், பிறகு அங்கேதான் மோர் விற்கிறவள் உட்காருவாள், கடைசியில் டீக்கடை வரும் என்று வாத்தியார் அண்ணன் சொன்னார். அந்த டீக்கடையும் இந்தக் கல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று அப்போது தோன்றியது.

வழி நெடுக ஊர் எல்லையில் அய்யனாரும் மண் குதிரையும். எங்கும் இறங்கவில்லை, பார்த்துக்கொண்டே போனோம். பஸ்ஸில் தூங்குகிறவன் கண் விழித்தால் குதிரையின் நிறத்தை வைத்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம் என்பார் அப்பா.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வடக்கம்பட்டிக்குத் திருப்பினார்கள். மெயின் ரோட்டை விட்டு உள்ளே போக வேண்டும். இந்தச் சின்ன ஊரைத் தெரியாதவர்களுக்கும் முனியாண்டி விலாஸ் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் கண்ணில் படுகிற பெயர், அந்தப் பெயர் புறப்பட்ட இடம் இந்த ஊர் முனியாண்டி கோயில். 1930களில் இந்த ஊர்க்காரர் ஒருவர் காரைக்குடியில் முதல் கடையைப் போட்டார், பிறகு அங்கே வேலை கற்றவர், அவருடைய சொந்தக்காரர், அவர்களிடம் வேலை பார்த்தவர் என்று ஒவ்வொருவராக வெளியூர் போய் அதே சாமி பெயரில் கடை திறந்தார்கள். தலைமை ஆபீஸ் கிடையாது, ஒரே மாதிரி சட்டை கிடையாது, உரிமைத்தொகை கிடையாது. சாமிதான் பொது. வருஷா வருஷம் தை மாதம் கடைக்காரர்கள் எல்லாம் இங்கே கூடி ஆடு, கோழி வெட்டி விடிய விடிய அண்டா அண்டாவாகப் பிரியாணி போட்டு, அதையே பிரசாதமாக ஊருக்குக் கொடுக்கிறார்கள். நாங்கள் போனபோது கோயிலில் கூட்டமே இல்லை, மணி ஆடுகிற சத்தம் மட்டும். திருவிழா அடுப்பு போடுகிற இடத்தில் தரை கறுத்துக் கிடந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் நின்றபோது காலில் கரி ஒட்டியது.

சாப்பாடு கள்ளிக்குடி தாண்டி ஒரு மிலிட்டரி ஓட்டலில். இலை, சாதம், மட்டன் குழம்பு, குடல், கோழி வறுவல், ரசம், மோர். சர்வர் தம்பி ஐட்டம் சொன்ன வேகத்தை எழுத முடியாது, "சுக்காவறுவல்ஈரல்குடல்மூளைநாட்டுக்கோழி" என்று ஒரே மூச்சு. மட்டன் குழம்பில் தேங்காய் குறைவு, மிளகும் மல்லியும் தூக்கல், எலும்பிலேயே ருசி. ரசம் மட்டும் சுமார்.

இந்தப் பயணத்தில் பிடிக்காத இடம் ஒன்று. மதியத்துக்கு மேல், வெயில் தாங்க முடியாமல் சிலர் கேட்டுக்கொண்டதால், புதுச் சாலையில் இருக்கிற பெரிய ஓட்டல் ஒன்றில் நிறுத்தினார்கள். கிராமத்து பாணியாம். வாசலில் மாட்டு வண்டி, ஆனால் சக்கரம் சிமெண்ட். கூரையில் கீற்று, தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக். திண்ணை மாதிரி கட்டியிருக்கிறார்கள், உயரம் இரண்டரை அடிக்கு மேல், யாராலும் தரையில் கால் ஊன்றி உட்கார முடியவில்லை. திண்ணை என்பது நடந்து வந்தவன் அப்படியே சாய்கிற உயரத்தில் இருக்க வேண்டியது. அந்த ஒரு அளவு தப்பானாலே அது திண்ணை இல்லை. டீ ஆறிப்போய் வந்தது, விலை காலையில் குடித்ததைப் போல மூன்று மடங்கு. ஆனால் கழிப்பறை சுத்தமாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது, நாள் முழுக்க எங்களுக்குக் கிடைத்த ஒரே சுத்தமான கழிப்பறை அதுதான்.

அந்த இடத்தில் பேச்சு மோட்டல் பக்கம் திரும்பியது. நம் ஊரில் மோட்டல் என்றால் தொலைதூர பஸ்ஸை ராத்திரியில் நிறுத்துகிற கடை, காய்ந்த தோசைக்கு வாய்க்கு வந்த விலை சொல்கிற இடம், யாரும் அங்கே படுத்துத் தூங்கினது கிடையாது. அமெரிக்காவில் அந்தச் சொல்லே கார்க்காரர் ராத்திரி தங்குகிற விடுதிக்கு வைத்த பெயர், 1925இல் கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் முதல் மோட்டல் திறந்தார்கள் என்று பெரியவர் சொன்னார். தங்க இடம் என்று அங்கே பிறந்த சொல் இங்கே வந்து பத்து நிமிஷ ஸ்டாப்பிங் ஆகிவிட்டது. நம்மிடம் அதற்குச் சத்திரம் என்று நல்ல சொல்லும் இருந்தது, நல்ல கட்டிடமும் இருந்தது.

விருதுநகருக்கு வந்தபோது மணி ஐந்தரை. விருதுப்பட்டி என்று இருந்த ஊருக்கு 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறியது. காமராஜர் வீட்டை எட்டிப் பார்த்தோம். அவ்வளவு சின்ன வீடு. மேலே எழுத எதுவும் தோன்றவில்லை, போய்ப் பாருங்கள்.

பிறகு பரோட்டா. விருதுநகர் பரோட்டா என்றதும் பர்மா கடைப் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள், நாங்கள் போனது அதைவிடச் சின்ன, நாலு மேசைக் கடை. இங்கேதான் வாத்தியார் அண்ணன் கேள்விக்கு முழு விடை கிடைத்தது. மற்ற எல்லா ஓட்டலிலும் அடுப்பு பின்னால், பரோட்டாக் கடையில் மட்டும் கல் வாசலில். ஏன்? கடைசி மேசைவரை அனல் போகக் கூடாது, புகை ரோட்டோடு போக வேண்டும். வருகிறவன் கண்ணுக்கு முன்னால் மாவு விழுவதைப் பார்க்க வேண்டும். அப்புறம் சத்தம். கொத்து பரோட்டா போடுகிற தாளம் தெருக்கோடி வரை கேட்கும், அதுதான் அந்தக் கடையின் பலகை.

எண்ணெய் பரோட்டாக் கல்லை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தேன். தோசைக் கல் மாதிரி தட்டையாக இல்லை, நடுவில் தாழ்ந்து அகலமான குழி, அதில் எண்ணெய் நிற்கிறது. மாஸ்டர் உருண்டையை எண்ணெய்க் கையால் தட்டி, மேசை மேல் அறைந்து அறைந்து வீசினார், மூன்றாவது வீச்சில் மாவுக்குப் பின்னால் இருந்த டியூப் லைட் தெரிந்தது. அதை மடித்துச் சுருட்டி, உள்ளங்கை அகலத்துக்கு அமுக்கி, முதலில் கல்லின் மேட்டில் போடுகிறார். இரண்டு பக்கமும் லேசாக வெந்ததும் கரண்டியால் ஒரு தள்ளு, எண்ணெய்க்குள் இறங்குகிறது. பொன்னிறம் வந்ததும் மறுபடி மேட்டுக்கு ஏற்றி எண்ணெயை வடிய விடுகிறார். ஏற்றம், இறக்கம், ஏற்றம். ஒரே கல்லில் மூன்று சூடு. கையில் கரண்டியைத் தவிர வேறு எதுவும் இல்லை. எடுத்து அடுக்கி இரண்டு கையாலும் ஒரு அடி, அடுக்கு அடுக்காக உடைந்து இலைக்கு வந்தது. மேலே சால்னா. மொறுமொறுப்பு நனைவதற்குள் தின்ன வேண்டும், பேசிக்கொண்டு தின்கிற சாப்பாடு இல்லை. மூன்று சாப்பிட்டேன்.

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன விஷயம். பழைய கடைகளில் பேமிலி ரூம் என்று ஒன்று இருக்கும். சமையல்கட்டுக்குப் பக்கத்தில், காற்று வராத மூலையில், பச்சைத் திரை போட்ட ஒரு சின்னத் தடுப்பு. குடும்பத்தோடு வருகிறவர்கள், அதாவது பெண்கள், அதற்குள் போய் உட்கார வேண்டும். அன்றைக்குப் பார்த்த கடைகளில் இரண்டில் அது இன்னும் இருந்தது. திரையை விலக்கிப் பார்த்தேன். ஜன்னல் இல்லை. வீதி தெரியாது, கல் தெரியாது, மாஸ்டர் வீசுவது தெரியாது. எல்லா வழிப்போக்கனின் முழங்கையையும் தலைச்சுமையையும் பசியையும் இவ்வளவு அக்கறையாக அளந்து கட்டினவர்கள் எங்களை மட்டும் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கட்டிடங்கள் மேல் இருக்கிற ஆசை இதனால் குறையவில்லை, ஆனால் இதையும் சேர்த்துத்தான் அவற்றைப் பார்க்க வேண்டும். எங்களைக் கூட்டிப்போனவர்கள் மச்சையும் மேசையையும் இவ்வளவு நேரம் விளக்கினார்கள், பேமிலி ரூமைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் பேசினார்கள். அடுத்த தடவை அவர்களே சொல்ல வேண்டும். விருதுநகர்க் கடையில் நானும் மதினியும் வாசல் மேசையில், கல்லுக்கு நேர் எதிரே உட்கார்ந்தோம். "உள்ள ஃபேன் இருக்குக்கா, உள்ள உக்காருங்க" என்று மாஸ்டர் நல்ல மனசோடுதான் சொன்னார். "இல்லண்ணே, இங்கேயே இருக்கோம், நீங்க போடறதப் பாக்கணும்" என்றேன். அதற்கப்புறம் அவர் வீச்சு இன்னும் உயரமாகப் போனது.

இனி குறைகள். கழிப்பறைதான் பெரிய குறை. 15 மணி நேரப் பயணத்தில் பெண்களுக்கு எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே யோசிக்கவில்லை. இரண்டு இடத்தில் பெட்ரோல் பங்கில் கேட்டு நின்றோம், ஒன்றில் பூட்டியிருந்தது. மூன்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். 1,600 ரூபாய் வாங்குகிறவர்கள் இதைச் சரி செய்தே ஆக வேண்டும். இரண்டாவது, இடம் அதிகம். அருப்புக்கோட்டையில் பழைய வீடுகள், கடைத்தெரு என்று சொன்னார்கள், போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது, வேன் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அதை விட்டுவிட்டு விருதுநகருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கலாம். மூன்றாவது, கேமரா வைத்திருந்த இருவர் டிபன் கடையில் வழியை மறித்துக்கொண்டு நின்றதில் சர்வர் சாம்பார் வாளியோடு காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. வாத்தியார் அண்ணன் உடனே கண்டித்தார், அது எனக்குப் பிடித்தது. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது, எந்தக் கடைக்குள் போனாலும் எல்லாரும் ஏதாவது வாங்கிச் சாப்பிட வேண்டும், பேரம் பேசக் கூடாது என்று மூன்று விதி வைத்திருக்கிறார்கள், மூன்றையும் காப்பாற்றுகிறார்கள்.

சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டாம். முழங்கால் வலி இருக்கிறவர்கள் நகரத்துக்குள் நடக்கிற பகுதியை விட்டுவிட்டுத் திருமங்கலத்தில் சேர்ந்துகொள்ளலாம், கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மதியம் வேறு கடை ஏற்பாடு செய்தார்கள். கையில் ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், சில்லறை இருக்கட்டும். தை மாதத்தில் போனால் வடக்கம்பட்டித் திருவிழா நாளாகப் பார்த்துக் கேட்டுப் போங்கள், நானும் அப்படித்தான் மறுபடி போகப்போகிறேன்.

காரியாபட்டி வழியாக வில்லாபுரம் வந்து சேர்ந்தபோது ஒன்பதே கால். அப்பாவுக்கு நாலு எண்ணெய் பரோட்டா பார்சல் வாங்கியிருந்தேன். இப்போது பார்சலுக்கு சணல் கிடையாது, பேப்பருக்கு மேல் பிளாஸ்டிக் பை. உள்ளே இலை மட்டும் வாழை இலைதான். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே பொட்டலத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "விருதுநகரா?" என்றார். நான் ஆமாம் என்றேன். "எங்க உக்காந்து சாப்பிட்டத்தா?" என்று கேட்டார். வாசல் மேசையில், கல்லுக்கு எதிரே என்றேன். "அது நல்ல இடம்," என்றார், "சூடா முதல்ல அங்கதான் வரும்." பிறகு சால்னாப் பையின் முடிச்சை அவிழ்க்க என்னிடம் நீட்டினார்.